சுண்ணாம்பு, மக்காச்சோளம், ஆறு பிள்ளைகள்: ஒரு கோடை விடுமுறைச் சமையல் பதிவு

இரண்டு ஆண்டுகளுக்கு முன் கோடை விடுமுறையில் வாரத்துக்கு ஒரு நாடு என்று திட்டம் போட்டேன். எட்டு வாரம், எட்டு நாடு. தாளில் கொடி வரைந்து வண்ணம் தீட்டுவது, உலகப் படத்தில் இடத்தைக் காட்டுவது, கடையில் வாங்கிய பொட்டலத்தைப் பிரித்து அந்த நாட்டு உணவைச் செய்து தின்பது. பிள்ளைகள் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். தீபாவளி சமயத்தில் என் மகளிடம் "இத்தாலின்னா என்ன ஞாபகம் வருது?" என்று கேட்டேன். "சீஸ்" என்றாள். "ஜப்பான்?" "சோயா சாஸ்." "சீனா?" "அதுவும் சோயா சாஸ்தானே?"

எட்டு வாரத்தில் ஒரு மனிதரைக்கூட நான் அவர்கள் கண்ணில் காட்டவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. உணவு மட்டும் வந்தது. அதை யார் செய்கிறார்கள், ஏன் அப்படிச் செய்கிறார்கள், எந்தக் கல்லில், எந்தக் குளிரில், எந்த நோன்புக்கு என்பதெல்லாம் பொட்டலத்தோடு குப்பைக்குப் போய்விட்டது.

இந்தக் கோடையில் முறையை மாற்றினேன். இரண்டே நாடு. பொட்டலம் கிடையாது. தானியத்திலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் வீட்டில் யாராவது ஒருவருடைய கைக்கு ஏற்கெனவே பழக்கமான வேலையாக அது இருக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் பிள்ளைகள் "ஏன் இப்படி?" என்று கேட்க வேண்டும், பதில் தெரியாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

ஆட்கள்: என் மகள், பத்து வயது. அக்கா மகன், பன்னிரண்டு. கீழ்வீட்டு இரட்டைப் பெண்கள், ஒன்பது. எதிர்வீட்டுப் பையனுக்குப் பதினொன்று, அவன் தங்கைக்கு ஏழு. அவர்களுக்குச் சொந்த ஊர் கீழக்கரை. கூடவே என் அம்மா. ஆறு பிள்ளைகளுக்கும் அவர் அம்மாச்சிதான். இடம்: மதுரையில் எங்கள் வீட்டு மொட்டைமாடி, காலை ஆறரை முதல் ஒன்பதரை வரை. அதற்குமேல் மே மாத வெயிலில் அங்கே நிற்க முடியாது.

முதலில் மெக்சிகோ. செய்ய நினைத்தது டோர்ட்டியா, சப்பாத்திபோலக் கல்லில் சுடும் மக்காச்சோள ரொட்டி.

மக்காச்சோளம் வாங்குவதிலேயே ஒரு தடவை தவறிவிட்டேன். தீவனக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி வந்து தண்ணீரில் போட்டதும் மருந்து வாடை வந்தது. அப்படியே கொட்டிவிட்டேன். விதைக்கடைச் சோளமும் ஆகாது, அதில் பூஞ்சைக்கொல்லி தடவிச் சாயம் ஏற்றியிருப்பார்கள். வேகவைத்துத் தின்னும் இனிப்புச் சோளமும் ஆகாது, அதில் இதற்கு வேண்டிய மாவுச்சத்து இல்லை. கீழமாசி வீதியில் ஒரு மொத்தக் கடையில், சத்துமாவு அரைக்கிறவர்கள் வாங்கும் காய்ந்த மஞ்சள் மக்காச்சோளம் கிடைத்தது. ஒரு கிலோ வாங்கினேன்.

அடுத்து வேண்டியது சுண்ணாம்பு. அம்மா வெற்றிலை போடுகிறவர். "கரண்டகத்தைக் கொஞ்சம் கொண்டு வாங்கம்மா" என்றதும் ஏறிட்டுப் பார்த்தார். "சோத்துக்குச் சுண்ணாம்பு போடுவாகளாடி?"

போடுவார்கள். மூவாயிரம் ஆண்டுக்கு மேலாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சுண்ணாம்பு கிடைக்காத இடத்தில் மரச்சாம்பல். இப்படி வேகவைத்த சோளத்துக்கு நிக்ஸ்டமால் என்று பெயர். மெக்சிகோவின் பூர்வகுடி மொழிகளில் ஒன்றான நாவாத்தில் மொழியின் சொல் அது. சாம்பல் என்ற சொல்லும் சோளமாவுப் பண்டத்தைக் குறிக்கும் சொல்லும் சேர்ந்து பிறந்தது. வெற்றிலையில் சுண்ணாம்பு கூடினால் வாய் வெந்துபோகும் என்று அம்மாவுக்குத் தெரியும் என்பதால், அளவு பார்க்கும் பொறுப்பை அவரிடமே விட்டேன். கணக்குப்படி ஒரு கிலோ சோளத்துக்குப் பத்து கிராம் உலர்ந்த சுண்ணாம்புத் தூள். வெற்றிலைச் சுண்ணாம்பு ஈரமானது என்பதால் இருபது கிராம் எடுத்தோம். வண்ணமும் வாசனையும் சேர்க்காத வெள்ளைச் சுண்ணாம்பாக இருக்க வேண்டும். சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பை எடுக்கவே கூடாது. கரைப்பது, ஊற்றுவது எல்லாம் பெரியவர் வேலை. கண்ணில் பட்டால் ஆபத்து. அலுமினியப் பாத்திரத்தைச் சுண்ணாம்பு அரிக்கும், எவர்சில்வர்தான் சரி.

மூன்று லிட்டர் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்துச் சோளத்தைக் கொட்டினோம். கொட்டிய ஒரு நிமிடத்தில் மங்கலான மஞ்சள், மாம்பழ மஞ்சளாக மாறியது. "அம்மாச்சி, கலர் மாறுது!" என்று இரட்டையர் கத்தினார்கள். மெல்லிய கொதியில் ஐம்பது நிமிடம் வைத்தோம். புத்தகக் கணக்கில் அரை மணி நேரம் போதும். நமக்குக் கிடைப்பது கடினமான சோளம் என்பதால் கூடுதலாகப் பிடித்தது. ஒரு மணியை எடுத்து இரண்டு விரலால் தேய்த்தால் தோல் நழுவ வேண்டும், கடித்தால் நடுவில் வெள்ளைக் கரு தெரிய வேண்டும். அதுதான் பதம். அடுப்பை அணைத்து மூடி, இரவு முழுக்க அப்படியே விட்டோம்.

மறுநாள் காலையில் கழுவல். என்னைக் கேட்டால் இந்தச் செய்முறையிலேயே பிள்ளைகளுக்கு ஏற்ற வேலை இதுதான். தண்ணீர் மஞ்சளாகக் கொழகொழவென்று இருந்தது. அதை வடித்துவிட்டு, ஆறு ஜோடிக் கைகள் அண்டாவுக்குள் சோளத்தைத் தேய்த்தன. தோல் சவ்வு சவ்வாக உரிந்து மேலே மிதந்தது. சுண்ணாம்பு போய்விட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? "ஆரத்தி" என்றார் அம்மா. எனக்கே ஒரு கணம் புரியவில்லை. பிறகுதான் விளங்கியது: மஞ்சள் கரைத்த நீரில் சுண்ணாம்பு பட்டால் சிவப்பாகும், ஆரத்தித் தட்டில் நடப்பது அதுதான். ஒரு கிண்ணத்தில் மஞ்சள்தூளைக் கரைத்து வைத்து, ஒவ்வொரு கழுவல் தண்ணீரிலும் ஒரு கரண்டி விட்டுப் பார்த்தார்கள். முதல் கழுவல் குங்குமச் சிவப்பு. இரண்டாவது செங்கல். மூன்றாவதில் கொஞ்சம் ஆரஞ்சு. நான்காவதில் மஞ்சள் மஞ்சளாகவே நின்றது. அதோடு நிறுத்திக்கொண்டோம். சோளத்துக்குள் ஏறிய சுண்ணாம்பு கொஞ்சம் மிஞ்சினால்தான் மாவு பிடிக்கும்.

அக்கா மகன் எட்டாம் வகுப்புக்குப் போகிறான். காரம், அமிலம், நிறங்காட்டி என்று பாடத்தில் படித்தவன். "சித்தி, இது அதுதானா?" என்றான். அதுதான்.

தேய்த்துக்கொண்டிருந்தபோதே அவர்களுக்கு ஒரு கதை சொன்னேன். கொலம்பஸும் அவருக்குப் பின்னால் போனவர்களும் மக்காச்சோள விதையை ஐரோப்பாவுக்கு எடுத்துப் போனார்கள். சுண்ணாம்பை எடுத்துப் போகவில்லை. மணியை வாங்கிக்கொண்டவர்கள், அதை எப்படிச் சமைக்கிறார்கள் என்று அந்தப் பெண்களைக் கேட்கவில்லை. சோளத்தில் நயாசின் என்ற வைட்டமின் கட்டுண்டு கிடக்கிறது. காரத்தில் வெந்தால்தான் அது உடம்பில் சேரும் வடிவத்துக்கு வரும். வெறும் சோளத்தையே நம்பியிருந்த ஐரோப்பிய ஏழைகளுக்குத் தோல் கருகி உரிந்தது, வயிறு கெட்டது, புத்தி பேதலித்தது. ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் கஸ்பார் கசால் என்ற மருத்துவர் 1735-இல் இந்த நோயைக் கண்டு விவரித்தார். இத்தாலியில் அதற்குப் பெலாக்ரா என்று பெயர் வந்தது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். தொற்றுநோய் என்றுதான் பலரும் நம்பினார்கள். 1916-இல் ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர், இது தொற்றே அல்ல, சாப்பாட்டுக் குறை என்று காட்டுவதற்காக நோயாளியின் இரத்தத்தைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்த இடத்தில் ஆறு பேரும் கை வேலையை நிறுத்திவிட்டார்கள்.

"நம்ம ஊருல வந்துச்சா?" என்று எதிர்வீட்டுப் பையன் கேட்டான். வந்தது. தெலங்கானாவில் வெறும் சோளமே உணவாக இருந்த ஏழைகளிடம் இந்நோய் இருந்தது; ஐதராபாத்தில் அதை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் சி. கோபாலன், நம் சேலத்தில் பிறந்தவர். அது மக்காச்சோளம் அல்ல, நம் சோளம், காரணமும் வேறு என்பதையும் சொன்னேன். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் சுலபமாக இருக்கும், ஆனால் பிள்ளைகளிடம் அப்படிச் சொல்லக் கூடாது.

அரைப்பதில் இடறினோம். கிரைண்டரில் போட்டதும் கெட்டியாகச் சிக்கிக் கல் நின்றுவிட்டது. தண்ணீர் விட்டேன். சுற்றியது, மேலும் விட்டேன். கடைசியில் கையில் வந்தது அடை மாவு. டோர்ட்டியாவுக்கு வேண்டியது சப்பாத்தி மாவுப் பதம். துணியில் கட்டித் தொங்கவிட்டு அன்றைய நாளைச் சமாளித்தோம், நன்றாக வரவில்லை. அடுத்த ஞாயிறு மீண்டும் ஒரு கிலோ வேகவைத்து, கிரைண்டரில் தண்ணீர் தெளித்து ஒன்றிரண்டாக உடைத்து, மிச்சத்தை அம்மியில் அரைத்தோம். இது வேலை செய்தது. ஒரு கை மாவுக்கு நான்கு ஐந்து இழுப்பு. விரலில் தேய்த்தால் மெல்லிய நறநறப்பு மட்டும் இருக்க வேண்டும்.

அம்மிக்கு வந்ததும்தான் மெக்சிகோ எங்கள் மாடிக்கு உண்மையாகவே வந்தது. அங்கே அரைக்கும் கல்லுக்கு மெதாத்தே என்று பெயர். எரிமலைப் பாறையில் செய்தது, அடியில் மூன்று கால். மேற்பரப்பு அரைப்பவருக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருக்கும். குழவி நம்முடையதைப் போலவே இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளுவது. பெண்கள் மண்டியிட்டு அரைப்பார்கள். படத்தைக் காட்டியதும் கீழ்வீட்டுப் பெண்களில் ஒருத்தி சட்டென்று மண்டியிட்டுப் பார்த்தாள். பத்து இழுப்பில் "முட்டி வலிக்குது அத்தை" என்று எழுந்துவிட்டாள். குடும்பம் முழுக்கத் தின்னும் டோர்ட்டியாவுக்கு ஒரு பெண் விடிவதற்கு முன்னால் எழுந்து நாள்தோறும் பல மணி நேரம் இப்படி அரைத்தாள், மாவு மில்கள் ஊர்களுக்கு வந்து சேரும்வரை. அதைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, தான் கல்யாணமாகி வந்த வீட்டில் பதினாலு பேருக்கு மிளகாய் அரைத்ததைச் சொல்ல ஆரம்பித்தார். நான் குறுக்கே பேசவில்லை. இருபது நிமிடம் பிள்ளைகள் அம்மியைச் சுற்றி உட்கார்ந்து அதைக் கேட்டார்கள். மெக்சிகோவைப் பற்றி நான் சொன்ன எதையும்விட அந்த இருபது நிமிடம் மெக்சிகோவை அவர்களுக்கு அதிகம் சொல்லியிருக்கும்.

மாவு பிடிக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை வைத்தோம். சுண்ணாம்பு போடாமல் வெறுமனே ஊறவைத்து அரைத்த மாவில் ஓர் உருண்டை, நிக்ஸ்டமால் மாவில் ஓர் உருண்டை. இரண்டையும் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்கள். முதலாவது ஓரமெல்லாம் வெடித்து உதிர்ந்தது. இரண்டாவது களிமண்போல ஒரு சீராக விரிந்தது. ஏழு வயதுப் பெண் அந்த மாவில் ஒரு மனித உருவம் பிடித்தாள். அப்போது மாயா மக்களின் படைப்புக் கதையைச் சொல்ல வாய்ப்பு வந்தது: கடவுளர் முதலில் மண்ணால் மனிதரைச் செய்தார்கள், கரைந்துபோனார்கள். மரத்தால் செய்தார்கள், அவர்களுக்கு நெஞ்சில் நினைவில்லை. கடைசியில் மக்காச்சோள மாவால் செய்தார்கள், அவர்கள்தான் நாம். "மாயா ஆளுங்க இப்ப இல்லதானே?" என்று அக்கா மகன் கேட்டான். நானும் பள்ளியில் அப்படித்தான் நினைத்திருந்தேன். இருக்கிறார்கள், குவாத்தமாலாவிலும் தெற்கு மெக்சிகோவிலும் இலட்சக்கணக்கில், தங்கள் மொழிகளைப் பேசிக்கொண்டு, இன்றைக்கும் காலையில் சோளம் வேகவைத்துக்கொண்டு.

தட்டுவதற்குப் பால் கவரைக் கத்தரித்து இரண்டு தாளாக்கி, நடுவில் எலுமிச்சை அளவு உருண்டையை வைத்து, மணைப்பலகையால் அழுத்தினோம். இரும்புத் தோசைக்கல் நன்றாகக் காய வேண்டும், எண்ணெய் கூடாது. போட்டு இருபது விநாடியில் ஒரு திருப்பல், ஒரு நிமிடத்தில் இன்னொரு திருப்பல். மூன்றாவது தடவை திருப்பும்போது நடுவில் விரலால் இலேசாகத் தொட்டால் புஸ்ஸென்று உப்ப வேண்டும். முதல் பதினோரு டோர்ட்டியாவும் உப்பவில்லை. மாவு உலர்ந்துவிட்டது என்று கண்டுபிடித்தது என் மகள். கையை நனைத்து மறுபடி பிசைந்தாள். பன்னிரண்டாவது உப்பியது. பந்துபோல, ஓர் ஓரம் தவிர முழுவதும். அந்த ஒன்றைத் தின்ன யாருக்கும் மனம் வரவில்லை. ஆறித் தட்டையாகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

தொட்டுக்கொள்ள சல்சா. தக்காளியும் பச்சைமிளகாயும் அதே கல்லில் கருக வாட்டி, உப்புப் போட்டு உரலில் இடித்தது. தக்காளி, மிளகாய் இரண்டுமே அந்த மண்ணிலிருந்து கடல் தாண்டி வந்தவை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வழங்கும் பெயர்களும் நாவாத்தில் மொழியிலிருந்து வந்தவைதான். நம்மிடம் மிளகு முன்பே இருந்ததால், வந்த காய்க்கு மிளகாய் என்று பெயர் கொடுத்துவிட்டோம். பிள்ளைகள் இதை நம்பவில்லை. "மிளகாய் இல்லாம எப்படிச் சாப்பிட்டாங்க?" அம்மாதான் விடை சொன்னார்: "தெவசத்துக்குச் சமைக்கிற சில வீடுகள்ல பாத்திருக்கேன். மிளகாய் சேக்க மாட்டாக, தக்காளி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் எதுவும் கிடையாது. மிளகு, வாழைக்காய், பாகக்காய், புடலங்காய்." சடங்குச் சமையலில் பழைய சமையலறை ஒன்று அப்படியே நின்றுகொண்டிருக்கிறது. அடுத்த வாரம் அவர்கள் சமையலறை அலமாரியைக் குடைந்து, அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவற்றைச் சிவப்பு மையால் எழுதிக்கொண்டு வந்தார்கள். நிலக்கடலை, மரவள்ளி, கொய்யா, பப்பாளி, முந்திரி, சீத்தா, ராஜ்மா. முந்திரி இல்லாத பொங்கலை நினைத்துப் பார்த்து என் மகள் வருத்தப்பட்டாள்.

நடுவில் ஒரு ஞாயிறு ஜப்பானிய ஒனிகிரி முயன்றோம், உப்புத் தடவிய ஈரக் கையில் முக்கோணமாகப் பிடிக்கும் சோற்றுருண்டை. பொன்னி அரிசிச் சோறு உதிர்ந்துகொண்டே இருந்தது. அவர்களுடையது குட்டையான, ஒட்டும் அரிசி. இந்த ஒரு வித்தியாசத்தைக் கையால் உணர்ந்தார்கள், அவ்வளவுதான். வேறு எந்தக் கேள்விக்கும் என்னிடம் ஆழமான பதில் இல்லாததால் அதை அங்கேயே விட்டுவிட்டேன்.

அடுத்தது எத்தியோப்பியா.

இஞ்செரா, புளித்த மாவை ஊற்றிச் சுடும் அந்த ஊர் அன்றாட உணவு. அதன் பேரைச் சொன்னவுடன் எல்லோரும் "நம்ம தோசை மாதிரி" என்பார்கள். பிள்ளைகளும் படத்தைப் பார்த்ததும் அதையேதான் சொன்னார்கள். அப்படிச் சொல்லி உள்ளே போவது சரி. அங்கேயே உட்கார்ந்துவிட்டால் எத்தியோப்பியா மறுபடியும் மதுரையாகிவிடும். ஆகவே ஒரு தாளை ஒட்டி, தோசையில் இல்லாதது எது என்று கண்டுபிடிக்கும்போதெல்லாம் எழுதச் சொன்னேன்.

தெஃப் என்ற தானியத்தில் செய்வார்கள், கசகசாவைப் போல் நுண்ணிய விதை. இங்கே கிடைக்கவில்லை. ஆனால் கேழ்வரகு முதலில் பயிரானது கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்தில்தான். எத்தியோப்பியாவில் அதற்கு டகுசா என்று பெயர், இஞ்செரா மாவிலும் அதைச் சேர்ப்பது உண்டு. நம் வெள்ளைச்சோளமும் ஆப்பிரிக்காவில் பிறந்ததுதான், அதிலும் இஞ்செரா சுடுகிறார்கள். எனவே கேழ்வரகு மாவு 400 கிராம், வெள்ளைச்சோள மாவு 200 கிராம், தண்ணீர் 900 மில்லி. இது தெஃப் இஞ்செரா அல்ல, அந்த இழுவை வராது என்று முதலிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டேன். "கூழுக்கு ஊத்துற கேப்பையா? அது ஆப்பிரிக்காவா?" என்று இரட்டையர் இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள். தாளில் முதல் வரியாக அது ஏறியது, தோசைக்குச் சம்பந்தமே இல்லாவிட்டாலும்.

புளிக்க மூன்று நாள் என்று படித்திருந்தேன். மூன்று நாள் வைத்தேன். மூன்றாம் நாள் காலையில் மேலே பச்சைப் பூசணம், நாற்றம் மாடிப்படி வரை. அத்தனையும் கொட்டினோம். ஏன் அங்கே மூன்று நாள் தாங்குகிறது? உலகப் படத்தில் தலைநகர் அடிஸ் அபாபாவைத் தேடினார்கள். கடல்மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கும் மேல். கொடைக்கானலைவிட உயரம்! ஆப்பிரிக்கா என்றால் பாலைவன வெயில் என்று ஆறு பேரும் நினைத்திருந்தார்கள். கெட்டுப்போன மாவு அந்த எண்ணத்தை ஒரே காலையில் கழற்றிவிட்டது. கொடைக்கானலில் இட்லி மாவு எத்தனை நேரத்தில் பொங்கும் என்று தெரிந்தவர்களுக்கு இது விளங்கும்.

இரண்டாவது தடவை, முந்தின நாள் கூழின் புளித்த நீரை ஒரு கரண்டி விட்டு, நிழலில் முப்பது மணி நேரம். மேலே தெளிந்து மஞ்சளாக நின்ற நீரை அவர்கள் எர்ஷோ என்பார்கள். அதில் கொஞ்சத்தை அடுத்த மாவுக்கு உறையாக எடுத்து வைப்பார்கள். ஒரு பாட்டிலில் எடுத்து வைத்தோம். அப்படியே ஊற்றிச் சுட்டபோது கல்லில் விரிசல் விட்டு உடைந்தது. அப்சித் என்ற படியை நான் தாண்டியிருந்தேன். புளித்த மாவில் ஒரு குவளை எடுத்து, இரண்டு குவளை கொதிநீரில் ஊற்றிக் கிளறிக் கெட்டியாகக் காய்ச்சி, ஆறவைத்து, மறுபடி மாவிலேயே சேர்த்து இரண்டு மணி நேரம் வைக்க வேண்டும். கோதுமையின் பசைச்சத்து இல்லாத மாவுக்கு இந்த வெந்த கூழ்தான் பிடிமானம். கிளறிக்கொண்டிருந்த என் மகள் "அம்மா, இது கேப்பைக்கூழேதான்" என்றாள். ஆமாம், கூழ் காய்ச்சத் தெரிந்த வீட்டுக்கு இது புதிதல்ல. கூழை மாவுக்குள் திருப்பி ஊற்றுவதுதான் புதிது.

இந்தமுறை கண் திறந்தது. வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சுற்றிச் சுற்றி ஊற்ற வேண்டும், நாம் நடுவில் ஊற்றி வெளியே தேய்ப்பதற்கு நேர்மாறு. கரண்டியால் தேய்க்கக் கூடாது. சில விநாடியில் ஊசி குத்தியதுபோல் ஒவ்வொன்றாகத் துளைகள் திறந்தன. அந்தத் துளைகளைக் கண் என்றே அங்கும் சொல்கிறார்கள். துளை முழுக்க வந்ததும் மூடி போட்டு ஒன்றரை நிமிடம். திருப்பிப் போடுவது இல்லை. சுட்டதை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தேன், மூன்று ஒட்டிக்கொண்டன. சுளகில் தனித்தனியாகப் பரப்பி ஆறவைத்த பிறகுதான் அடுக்கலாம். அவர்களும் இதற்குப் புல்லில் பின்னிய தட்டைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

தொட்டுக்கொள்ள, மைசூர்ப் பருப்பில் மிசிர் வோத் என்ற காரக் குழம்பு. வெங்காயத்தை எண்ணெய் இல்லாமல் இருபத்தைந்து நிமிடம் கிளறிக் கிளறி வதக்குவது பெரிய பிள்ளைகளின் முறை. பெர்பெரே பொடிக்கு வரமிளகாய், வெந்தயம், ஓமம், கருஞ்சீரகம், ஏலக்காய், சுக்கு. அவர்களுடைய ஏலக்காய் வேறு வகை, கோரரிமா. நம் பெரிய ஏலக்காயைப் போட்டோம். இறைச்சி, பால், முட்டை எதுவுமில்லாமல் இத்தனை உணவு ஏன் இருக்கிறது என்றால், எத்தியோப்பிய மரபுத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் ஆண்டில் பாதி நாள் நோன்பிருக்கிறார்கள். ஆண்டு முழுக்க பெரும்பாலான புதன், வெள்ளிகள், ஈஸ்டருக்கு முந்தைய ஐம்பத்தைந்து நாள், இன்னும் பல. அவர்களுடைய ஆண்டுக்குப் பதின்மூன்று மாதம், நம் கணக்கைவிட ஏழெட்டு ஆண்டு பின்னால் என்றதும் ஏழு வயதுக்காரி "அப்ப எனக்கு அங்க வயசே இல்லையா?" என்றாள். பிறந்த வருஷமும் பின்னால் போகும், வயது மாறாது என்று அண்ணன் தரையில் கணக்குப் போட்டுக் காட்டினான்.

பெரிய தாம்பாளத்தில் இஞ்செராவை விரித்து, அதன்மேலேயே குவியல் குவியலாகப் பருப்பும் கீரையும். தட்டும் அதுதான், சோறும் அதுதான், கரண்டியும் அதுதான். தாளில் இந்த மூன்றையும் எழுதினார்கள். சாப்பிடும் முன் குடத்திலிருந்து ஒவ்வொருவர் கையிலும் தண்ணீர் ஊற்றுவது அங்கே வழக்கம், சின்னவள் ஊற்றினாள். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து ஒரே தாம்பாளத்தில் வலக்கையால் பிய்த்து எடுக்க வேண்டும்.

அம்மா உட்காரவில்லை. "எச்சிப்பண்டம். எனக்குத் தனியாக் குடு."

நான் இதை எதிர்பார்த்திருக்க வேண்டும். பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். எதிர்வீட்டுப் பையன்தான் பேசினான்: "எங்க ஊருல கல்யாணத்துக்கு சகன்லதான் சோறு போடுவாங்க அம்மாச்சி. பெரிய தட்டு, சுத்தி உக்காந்து சாப்பிடுவோம். யாரும் அடுத்தவங்க பக்கம் கை நீட்ட மாட்டாங்க. அவங்க அவங்க முன்னாடி இருக்கறதுதான்." கீழக்கரையும் காயல்பட்டினமும் எங்களிடமிருந்து ஒரு பகல் பயணம்கூட இல்லை. அந்தத் தட்டைப் பற்றி என் மகளுக்கு அன்றுவரை தெரியாது, எதிர்வீட்டிலேயே இருந்தும். அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். ஆனாலும் தனியாகத்தான் வாங்கிக்கொண்டார். நான் அவரை வற்புறுத்தவில்லை. பிள்ளைகளிடமும் ஒன்று சரி, ஒன்று தப்பு என்று சொல்லவில்லை. எச்சில் பார்ப்பதன் பின்னால் சுத்தமும் இருக்கிறது, யார் யாரோடு உட்காரலாம் என்ற பழைய கொடுமையும் இருக்கிறது என்பதை மட்டும் சொன்னேன். பெரிய பிள்ளைகள் இருவரும் அதற்குமேல் நிறையக் கேட்டார்கள். அன்றைய பேச்சு இஞ்செராவைத் தாண்டி ரொம்ப தூரம் போனது.

கடைசியில் குர்ஷா. ஒரு வாய் உருட்டி அடுத்தவர் வாயில் வைப்பது, அன்புக்கும் மரியாதைக்கும். இரட்டையர் ஒருவருக்கொருவர் ஊட்டிக்கொண்டார்கள். அக்கா மகன் வெட்கப்பட்டு வாயைத் திறக்க மறுத்தான். சின்னவள் ஓர் உருண்டையோடு அம்மாவின் தனித்தட்டுக்குப் போய் நின்றாள். அம்மா உருண்டையைக் கையில் வாங்கித் தின்றார்.

பெரியவர்களுக்குக் காபி. பச்சைக் கொட்டையை வாணலியில் வறுத்து, அந்தப் புகையை எல்லோரும் முகர்ந்து பார்க்கும்படி சுற்றிக் கொண்டு வந்து, அதன் பிறகு இடித்துக் காய்ச்சுவது. அங்கே மூன்று சுற்று: அபோல், தோனா, பராக்கா. கூடவே கொறிக்கப் பொரித்த மக்காச்சோளம் வைப்பார்கள் என்றதும் என் மகள் நிமிர்ந்தாள். "மெக்சிகோ சோளம் அங்கயும் போயிருச்சா?" போயிருக்கிறது. சிவப்பு மைத் தாளை எடுத்து வந்து எத்தியோப்பியாவுக்கு ஒரு கோடு இழுத்தாள்.

செய்ய நினைப்பவர்களுக்கு இரண்டு சொல்ல வேண்டும். ஒரு நாட்டுக்குக் குறைந்தது மூன்று ஞாயிறு ஒதுக்குங்கள், முதலாவது கெட்டுப்போவதற்கு. எங்களுக்குக் கெட்ட மாவுதான் மலையைக் காட்டியது. வீட்டுப் பெரியவரை வேடிக்கை பார்க்க உட்காரவைக்காமல் ஏதாவது ஒரு படிக்குப் பொறுப்பாளராக்குங்கள். ஆரத்திச் சோதனை எனக்குத் தோன்றியிருக்காது.

எர்ஷோ பாட்டில் இன்னும் குளிர்பெட்டியின் கதவில் இருக்கிறது. பள்ளி திறந்துவிட்டது. நேற்று மாலை எதிர்வீட்டுச் சின்னவள் சீருடையோடு வந்து, குளிர்பெட்டியைத் திறந்து, பாட்டில் மூடியைக் கழற்றி மோந்து பார்த்தாள். "இன்னும் சாகல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.